பனிக்கரடி நம்ம ஊருக்கு வராதுதான், ஆனால்...



தரம் 3 பிள்ளைகளுக்குத் துருவப் பிரதேச விலங்குகளைப் பற்றி ஒரு வாரம் படிப்பிக்கிறோம் என்றதும் ஊரில் ஒரு பேச்சுக் கிளம்பியிருக்கிறது. “புலமைப்பரிசிலுக்கு வராததைப் படிப்பிச்சு ஏன் நேரத்தை வீணாக்குறீங்க? பனிக்கரடி மன்னாருக்கா வரப்போகுது?” பெற்றோரின் வட்ஸ்அப் குழுவிலும் இதே கேள்விதான். ஆளாளுக்குப் பதில் சொல்வதை விட எல்லோருக்கும் பொதுவாக இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் காரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பனிக்கரடி வராது. உண்மைதான். ஆனால் அது வாழும் ஆட்டிக்கிலிருந்து வருடா வருடம் நமக்கு விருந்தாளிகள் வருகிறார்கள். மன்னார்ப் பாலத்தால் போகும்போது இரண்டு பக்கமும் சேற்றில் கூட்டமாக ஓடி ஓடிக் கொத்துகிற சின்ன உள்ளான்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் சில இனங்கள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது வடதுருவத்தை ஒட்டிய சைபீரியாவின் மரமில்லாத வெளிகளில். முப்பது கிராம் கூட இல்லாத ஒரு குருவி 6,000 கிலோமீற்றருக்கும் மேல் பறந்து வந்து நம்முடைய சேற்றில் பசியாறுகிறது.

கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் பிடித்த கடற்காகத்தின் முதுகில் ஜீ.பி.எஸ். கருவி பூட்டி விட்டார்கள். அது போய்ச் சேர்ந்த இடம் ரஷ்யாவின் வடக்கு முனையில் உள்ள யமால் தீபகற்பம். வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததற்கு இப்படி வந்து கூடும் பறவைகளும் ஒரு காரணம். உலகமே கணக்கெடுக்கும் இடத்தில் வீடு கட்டி இருந்துகொண்டு, துருவம் நமக்கு எதற்கு என்று கேட்கிறோம்!

அடுத்தது பரீட்சை. புலமைப்பரிசில் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் கடைகளில் விற்கும் படங்களைப் பாருங்கள். ஒரே பனிக்கட்டியில் பென்குவினும் பனிக்கரடியும் பக்கத்தில் நிற்கும். பனிக்கரடி வாழ்வது வடக்கே மட்டும். பென்குவின்கள் வாழ்வது தெற்கே. இயற்கையில் இரண்டும் ஒன்றையொன்று கண்டதே கிடையாது. வடதுருவம் என்பது மேலே பனி உறைந்த கடல். தென்துருவத்தில் இருப்பது அந்தாட்டிக்கா என்ற நிலம். இலங்கையைப் போல் இருநூறு மடங்குக்கும் பெரிய அந்த நிலத்தின் மேல் சராசரியாக இரண்டு கிலோமீற்றர் கனத்தில் பனி கிடக்கிறது. படத்தைப் பார்த்து, “சேர், இது பிழை” என்று ஒரு பிள்ளை காரணத்தோடு சொன்னால், அந்தப் பிள்ளை எந்தப் பரீட்சைக்கும் பயப்படத் தேவையில்லை.

“முதலில் நம்ம நாட்டு மிருகங்களைப் படிக்கட்டும்” என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இது மதிக்க வேண்டிய வாதம். ஆனால் ஒன்றைப் படித்தால் மற்றதைத் தள்ளிவைக்க வேண்டும் என்று யார் சொன்னது? மன்னார்த் தெருக்களில் திரியும் கழுதைக்கு ஏன் இவ்வளவு நீளக் காது? உடம்புச் சூட்டை வெளியே விட அது உதவுகிறது. ஆட்டிக் நரிக்கு ஏன் காது இத்தனை சின்னது? சூட்டை உள்ளே வைத்திருக்க. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பிள்ளைக்குத்தான் அல்லாஹ் ஒவ்வொரு படைப்பையும் அதன் இடத்துக்கு ஏற்றாற்போல் படைத்திருப்பது விளங்கும். கழுதையை மட்டும் தினமும் பார்க்கும் பிள்ளைக்கு அதன் காதில் ஒரு புதினமும் இல்லை.

காசு விடயத்துக்கு வருவோம். பாடம் என்றதும் சில வீடுகளில் ரெஜிபோம், பஞ்சு, கலர் பேப்பர் என்று செலவு. இரவு பதினொரு மணிக்கு உம்மா பனிவீடு வெட்டுகிறா, பிள்ளை தூங்குகிறது. நாங்கள் அதைக் கேட்கவே இல்லை. பிள்ளையின் கை படாத ஒப்படைக்கு எந்த ஆசிரியர் புள்ளி போடுவார்? அந்த ரெஜிபோமும் ஒரு வாரத்தில் கடலோரத்தில்தான் கிடக்கும்.

எங்களுக்குத் தேவை மீன் வாடியிலிருந்து ஒரு வாளி ஐஸும் ஒரு பக்கட் மாஜரினும்தான். ஒரு பொலித்தீன் பைக்குள் மாஜரினைப் பூசி, அதற்குள் இன்னொரு பையை வைத்து, அதில் கையை விட்டு ஐஸ் தண்ணீரில் வைக்கச் சொல்வோம். மற்றக் கையை வெறும் பையோடு வைக்கச் சொல்வோம். சீல் என்ற கடல்நாயும் திமிங்கிலமும் உறைகிற கடலில் எப்படி உயிர் வாழ்கின்றன என்று பிறகு யாரும் விளக்கத் தேவையில்லை. கொழுப்பு என்ன செய்கிறது என்பதைக் கையே சொல்லிவிடும். அதற்குப் பிறகு, எம்பரர் பென்குவின் வாப்பா ஏறக்குறைய இரண்டு மாதம் ஒன்றும் சாப்பிடாமல் முட்டையைக் காலின் மேல் வைத்துக் காக்கிற கதையைச் சொன்னால், வகுப்பு மூச்சுவிடாமல் கேட்கும்.

கடைசியாக ஒன்று. அது கசக்கும். உள்ளான் இரை தேடுகிற அதே சேற்றில்தான் கோழிக் கழிவு மூட்டையும் பம்பர்ஸ் பையும் இரவோடு இரவாக வந்து விழுகின்றன. சில இடங்களில் மண் கொட்டி நிரப்பிக் காணியும் பிரிக்கிறார்கள். துருவம் தூரம் என்று சொல்கிற வாய்க்கு இந்தச் சேறும் தூரமாகிவிட்டது. இங்கே வயிறு நிரம்பாத குருவி திரும்பிப் போய் அங்கே குஞ்சு பொரிக்காது. துருவத்து உயிர்களின் ஒரு பங்கு நம் கையில் அமானிதமாக இருக்கிறது. பிள்ளைகள் துருவத்தைப் படித்தால் இந்தக் கேள்வியைப் பெரியவர்களிடம் கேட்பார்கள். அவர்கள் கேட்க வேண்டும் என்றுதான் நாங்களும் படிப்பிக்கிறோம்.

ஆகவே பெற்றோரிடம் மூன்று வேண்டுகோள். ரெஜிபோம் வாங்காதீர்கள். ஒரு நாள் அசருக்குப் பிறகு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாலத்தடியில் நின்று பறவைகளைக் காட்டுங்கள். குப்பை மூட்டையோடு யாராவது அந்தப் பக்கம் போனால் தடுத்து நிறுத்துங்கள்.

பாடம் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு தொடங்கும், இன்ஷா அல்லாஹ். வாடி வைத்திருக்கும் சகோதரர்கள் ஐஸ் தந்தால் பெரிய உதவி.