மணிக்கூடும் மரக்கலமும்



குருத்துவப் பணியின் முதல் ஆண்டுகளில் பங்கொன்றில் மறைக்கல்வி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். க.பொ.த. உயர்தரத்தில் உயிரியல் கற்ற மாணவன் ஒருவன் எழுந்து, "ஃபாதர், பாடசாலையில் கூர்ப்பு என்று படிக்கிறோம், இங்கே இறைவன் படைத்தார் என்று படிக்கிறோம். எதை நம்புவது?" என்று கேட்டான். நான் சற்றும் தயங்கவில்லை. "உன் கண்ணை எண்ணிப்பார். இத்தனை நுட்பமான உறுப்பு தானாக உண்டாகுமா? கூர்ப்பினால் இதை விளக்கவே முடியாது. இறைவன் இருக்கிறார் என்பதற்கு இதுவே சான்று" என்றேன். அவன் அமர்ந்துவிட்டான். வாதத்தில் வென்றுவிட்டதாக எண்ணி மகிழ்ந்தேன்.

சில ஆண்டுகளின் பின் அவனது தாயார் கண்கலங்கியபடி என்னைத் தேடி வந்தார். "பல்கலைக்கழகம் போனதிலிருந்து அவன் கோயிலுக்கு வருவதில்லை சுவாமி. நீங்கள் கண்ணைப் பற்றிச் சொன்னது பிழையாம். அது பிழையென்றால் மற்றவையும் பிழைதானே என்கிறான்" என்றார். அன்று அத்தாயாருக்குச் சொல்லத் தெரியாதிருந்த பதிலையே இவ்வாரம் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் கூறியது புதிய வாதமன்று. இங்கிலாந்தின் அங்கிலிக்கன் குருவான வில்லியம் பேலி 1802 இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக எழுதினார். வெட்டவெளியில் ஒரு மணிக்கூட்டைக் கண்டெடுத்தால், அதைச் செய்த ஒருவர் உண்டென நாம் முடிவுசெய்வோம். அதைவிட நுட்பமான கண்ணைக் காணும்போதும் அவ்வாறே முடிவுசெய்ய வேண்டும் என்றார் அவர். கேம்பிரிட்ஜில் பயின்ற இளம் சார்ள்ஸ் டார்வினும் பேலியின் நூல்களை விரும்பிக் கற்றவரே.

அதே டார்வின் 1859 இல் வேறொரு விளக்கத்தை முன்வைத்தார். ஓர் உயிரின் சந்ததிகளிடையே சிறுசிறு வேறுபாடுகள் தோன்றுகின்றன. சூழலுக்கு ஏற்ற வேறுபாட்டைக் கொண்டவை கூடுதலாகப் பிழைத்துக் கூடுதலாகச் சந்ததியை விட்டுச்செல்கின்றன. நெடுங்காலம் இது தொடரும்போது புதிய உறுப்புகளும் புதிய இனங்களும் உருவாகின்றன. கண்ணின் பல படிநிலைகளை இன்று வாழும் உயிர்களிலேயே காணலாம். சிலவற்றில் ஒளியை உணரும் கலங்களின் சிறு திட்டு மட்டுமே உண்டு. சில கடல் நத்தைகளில் அது குழிவாகியுள்ளது. நோட்டிலஸ் என்னும் கடலுயிரின் கண்ணில் சிறு துளை உண்டு, வில்லை இல்லை. மீனின் கண்ணில் வில்லையும் உண்டு. தட்டையான திட்டொன்று மீனின் கண்ணைப் போன்றதாக மாற நான்கு இலட்சத்துக்கும் குறைவான தலைமுறைகள் போதும் என சுவீடன் ஆய்வாளர் இருவர் 1994 இல் கணித்தனர்.

இன்னுமொன்று. நமது கண்ணில் நரம்பிழைகள் விழித்திரைக்கு முன்பாக ஓடி, அதைத் துளைத்துக்கொண்டு வெளியேறுகின்றன. அந்த இடத்தில் பார்வை இல்லை. அதனையே குருட்டுப் பொட்டு என்கிறோம். நாம் கறிசமைக்கும் கணவாயின் கண்ணில் இக்குறை இல்லை. இவ்விரு கண்களும் வெவ்வேறு வழிகளில் உருவாகி வந்தவை என்பதே இதற்கான விளக்கம்.

அப்படியானால் இறைவன் வேண்டாதவரா? இல்லை. உடைந்தது பேலியின் மணிக்கூடு மாத்திரமே. நமக்கு விளங்காத இடங்களில் மட்டும் இறைவனை இருத்தி வைத்தால், ஒவ்வொரு கண்டுபிடிப்பின்போதும் அவர் ஓரடி பின்வாங்க வேண்டியவராவார். திருச்சபை அறிக்கையிடும் இறைவன் அத்தகையவர் அல்லர்.

13 ஆம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினார் இயற்கையை விளக்க வேறோர் உவமையைக் கையாண்டார். மரக்கலம் கட்டும் தச்சர், மரத்துண்டுகளே தாமாக நகர்ந்து கலமாக உருப்பெறும் ஆற்றலை அவற்றுக்கு அளிக்க வல்லவராயின் எப்படியிருக்கும்? இயற்கையில் இறைவன் வைத்துள்ள கலை அத்தகையது என்றார் அவர். பலகையொன்றையும் தொட்டுச் செதுக்கும் தச்சரைவிட, பலகைக்கே அவ்வாற்றலை அருளும் தச்சர் பெரியவர் அல்லவா?

உங்கள் பிள்ளையை இறைவன் தந்த கொடை என்கிறீர்கள். அப்பிள்ளை ஒரு கலத்திலிருந்து கருப்பையில் படிப்படியாக வளர்ந்தது என்பதையும் அறிவீர்கள். இவை இரண்டும் உங்கள் உள்ளத்தில் மோதிக்கொண்டதுண்டா? ஒரு பிள்ளையின் வளர்ச்சியில் மோதாதவை, உயிரினங்களின் நீண்ட வரலாற்றில் மட்டும் ஏன் மோதவேண்டும்?

மனித உடலின் தோற்றம் குறித்த கூர்ப்பு ஆய்வைத் திருத்தந்தை 12 ஆம் பத்திநாதர் 1950 இல் தடைசெய்யவில்லை. ஆன்மாவை இறைவனே நேரடியாகப் படைக்கிறார் என்பதை வலியுறுத்தினார். இக்கோட்பாடு வெறும் கருதுகோளுக்கு மேலானது என 1996 இல் திருத்தந்தை 2 ஆம் அருளப்பர் சின்னப்பர் ஏற்றுக்கொண்டார். இறைவன் மந்திரக்கோல் ஏந்திய மாயவித்தைக்காரர் அல்லர் என 2014 இல் திருத்தந்தை பிரான்சிஸ் நினைவூட்டினார். 2005 இல் அமெரிக்காவின் டோவர் பாடசாலை வழக்கில், 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்னும் கொள்கை அறிவியல் அன்று எனத் தீர்ப்பாயிற்று. அக்கொள்கைக்கு எதிராகச் சாட்சியமளித்த உயிரியலாளர் கெனத் மில்லர் ஒரு கத்தோலிக்கர்.

இது வெறும் ஏட்டு விவாதமன்று. தலசீமியாவால் வாடும் பிள்ளைக்கு மாதந்தோறும் இரத்தம் ஏற்றக் காத்திருக்கும் தாயிடம், "உடலின் ஒவ்வொரு கூறும் இறைவன் தனித்தனியே வரைந்தது" என்று என்னால் கூற முடியாது. இந்நோயின் பரம்பரையலகு ஒன்றை மட்டும் பெற்றவருக்கு மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்புக் கிடைத்தது. ஆகவே மலேரியா பரவிய நாடுகளில் அது நிலைத்துவிட்டது. இலங்கை 2016 இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்ட போதிலும் அந்தப் பரம்பரையலகு நம்மிடையே தொடர்கிறது. அதை இருபுறமும் பெற்ற பிள்ளை துன்புறுகிறது. அத்தாய் தண்டிக்கப்பட்டவர் அல்லர் என்று இதனால் என்னால் உறுதியாகக் கூற முடிகிறது. துன்பத்துக்கு இடமுள்ள உலகை இறைவன் ஏன் அனுமதித்தார் என்ற கேள்வி அப்போதும் எஞ்சும். அதற்கு நான் சிலுவையை மட்டுமே சுட்டிக்காட்ட முடியும். அங்கே இறைமகன் துன்புறுவோரின் அருகில் நிற்கிறார்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை உயிரியல் நூலோடு வந்து உங்களிடம் கேட்கும்போது, இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யுமாறு வற்புறுத்தாதீர்கள். நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள். பின்னர் ஞாயிறு திருப்பலியில் அருகில் நிறுத்தி, படைத்தவரை ஒன்றாக அறிக்கையிடுங்கள்.

அந்த மாணவனுக்கு அண்மையில் மடலொன்று எழுதினேன். "கண்ணைப் பற்றி நான் சொன்னது பிழை, நீ கற்றது சரி. என் பிழைக்காக இறைவனை விட்டுவிடாதே" என்று எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை. அவனுக்காகவும், அவனைப் போன்ற நம் பிள்ளைகளுக்காகவும் இவ்வாரம் என்னோடு சேர்ந்து மன்றாடுங்கள்.