டார்ஜிலிங் பூங்காவைக் குளிரில் பாருங்கள்



டார்ஜிலிங் என்றாலே நம்மவர்கள் கோடை விடுமுறையில்தான் மூட்டை கட்டுகிறார்கள். நாங்கள் அரையாண்டு விடுமுறையில் போனோம். அங்குள்ள பத்மஜா நாயுடு இமாலய விலங்கியல் பூங்காவைப் பார்க்கக் குளிர்காலமே சரியான பருவம் என்று உறுதியாகச் சொல்வேன்.

1958-இல் தொடங்கிய இப்பூங்கா சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. இங்குள்ள பனிச்சிறுத்தையும் சிவப்புப் பாண்டாவும் குளிருக்கென்றே பிறந்தவை. நாம் கம்பளிக்குள் நடுங்கும்போது அவை தெம்பாக உலவுகின்றன. பாண்டாவுக்கு உள்ளங்காலில்கூட ரோமம். ஈரக் கிளையிலும் வழுக்காமல் ஏறுகிறது. வெப்பம் 25 டிகிரியைத் தாண்டினாலோ அதனால் தாங்க முடியாது. பனிச்சிறுத்தை தன் நீண்ட, அடர்ந்த வாலைச் சுருட்டி முகத்தை மூடிக்கொண்டு படுக்கிறது. என்ன அழகு!

இவ்விரண்டையும் இனப்பெருக்கம் செய்து காக்கும் பணி இங்கே பல ஆண்டுகளாக நடக்கிறது. இங்கு வளர்ந்த பாண்டாக்களைச் சிங்கலீலா காட்டில் விட்டிருக்கிறார்கள். வெறும் வேடிக்கைக் கூடமல்ல இது.

மனத்தை வருத்தியது பார்வையாளர்களின் நடத்தைதான். படுத்திருக்கும் சிறுத்தையை எழுப்ப விசிலடிக்கிறார்கள், கம்பியைத் தட்டுகிறார்கள். அதில் தமிழ்க் குரல்களும் கேட்டன; சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

வியாழக்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. மற்ற நாட்களில் காலையிலேயே போய்விடுங்கள். மலையில் சீக்கிரம் இருட்டிவிடும். பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், கூண்டருகே சத்தம் போடக் கூடாது என்று நுழைவாயிலிலேயே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

– ஒரு வாசகர், சேலம்