மருந்துக்கு முன்னே சோதனை!

கும்மிடிப்பூண்டி உருக்காலைகளிலே குழம்பை வார்க்கும் முன் ஒரு கரண்டி எடுத்துச் சோதனைக் கூடத்துக்கு அனுப்புகிறார்கள். கார்பன் எவ்வளவு, மாங்கனீசு எவ்வளவு என்று தெரியாமல் வார்க்க எந்த முதலாளியும் துணியமாட்டார். இரும்புக்கு உள்ள இந்த மரியாதை, அதை உருக்குபவன் உடலுக்கு வேண்டாமா?

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயைப் பற்றித்தான் பேசுகிறோம், தோழர்களே! நுண்ணோக்கியில் ஒன்றுபோலத் தெரியும் கட்டிகள் மரபணுவில் வேறு வேறாக இருக்கின்றன. கே-ராஸ், என்-ராஸ், பி-ராஃப் மரபணுக்கள் மாறியுள்ளனவா, மரபணுப் பிழையைத் திருத்தும் திறன் கெட்டுள்ளதா என்று பார்ப்பதே பயோமார்க்கர் சோதனை. மறுபடி கத்தி வைக்க வேண்டியதில்லை. நோயை உறுதி செய்ய எடுத்த சதைத் துணுக்கே பெரும்பாலும் போதும்.

பார்க்காவிட்டால் என்ன குடிமுழுகிப் போகும் என்பாருண்டு. குடிதான் முழுகும்! பரவிவிட்ட நோய்க்கு செடுக்சிமாப், பானிடுமுமாப் என்று விலையுயர்ந்த ஊசிகள் உண்டு. நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ராஸ் மரபணு மாறியிருக்கிறது. அவர்களுக்கு வழக்கமான கீமோவோடு இந்த ஊசியைச் சேர்ப்பதால் பயனில்லை. தோலெல்லாம் கொப்புளமும் கையிலே கடனுமே மிஞ்சும். கே-ராஸ் மாறியவருக்கு இவை வேண்டாம் என்று அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2009-லேயே மருந்துக் குறிப்பில் எழுத வைத்தது. மாறாக, பிழை திருத்தும் திறன் கெட்டவர்கள் சிலரே, நூற்றுக்கு ஐவர் அளவு. அவர்களுக்கோ பெம்பிரோலிசுமாப் என்ற மருந்து 2020-ல் முதல் சிகிச்சையாகவே அங்கு ஏற்கப்பட்டது. இந்தக் கேடு சில குடும்பங்களில் பரம்பரையாக வருவதால், உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் முன்கூட்டியே விழித்துக்கொள்ள வழியுண்டு.

யார் பணம் கட்டுவது? இ.எஸ்.ஐ. ஆகட்டும், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமாகட்டும், மருந்துக்குத் தருவோர் சோதனைக்கும் முழுதாகத் தரட்டும் என்கிறோம். வீண் ஊசிக்கு அழும் பணத்தில் எத்தனை சோதனை செய்யலாம்! 2017-ல் 21,000 ரூபாய் என்று வைத்த இ.எஸ்.ஐ. சம்பள வரம்பைத் தாண்டியவருக்கும், அட்டையே காணாத ஒப்பந்தத் தொழிலாளிக்கும், ஒடிசா, பீகாரிலிருந்து வந்த தோழருக்கும் இது கிடைக்க வேண்டும். துணுக்கைத் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கொடுத்தால் அது சென்னைக்குப் போய் முடிவு வரட்டும். நோயாளி ஏன் அலையவேண்டும்?

குடலடைப்பு, கடும் இரத்தப்போக்கு என்றால் சோதனைக்காகக் காத்திருக்கக் கூடாது. அந்த அவசரம் வேறு. மற்றபடி, பரவிய நோய்க்கு மருந்து எழுதும்போது "ராஸ், எம்.எஸ்.ஐ. முடிவு வந்துவிட்டதா, ஐயா?" என்று மருத்துவரைக் கேட்கத் துணைக்குப் போகும் தோழர் கூசவேண்டாம். மலத்தில் இரத்தம் கண்டும் மூலம்தான் என்று மாதக்கணக்கில் லேகியம் தின்பவரை ஷிப்டு முடிந்ததும் கையைப் பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.