புடவைக்கு எதற்குப் போன் நம்பர்?

செம்பாக்கத்திலிருந்து ஒரு குடும்பம் தாம்பரத்துக்குத் தீபாவளித் துணி எடுக்கப் போகிறது. புடவை எடுத்தாகிவிட்டது. பணத்தையும் எண்ணி வைத்தாகிவிட்டது. "போன் நம்பர் சொல்லுங்கம்மா" என்கிறாள் பில் போடுகிற பெண். அம்மாளும் சொல்லிவிடுகிறார். புடவைக்கும் போன் நம்பருக்கும் என்ன சம்பந்தம்? யாரும் கேட்பதில்லை. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்களே!

நம்பர் கொடுத்தால்தான் பில் என்று கடைக்காரர் வற்புறுத்தக் கூடாது. மத்திய அரசின் நுகர்வோர் துறை 2023 மே மாதமே இதைச் சொல்லிவிட்டது. சொன்னது எத்தனை கடைகளின் காதில் விழுந்ததோ!

கடையிலாவது வாய் திறந்து கேட்கிறார்கள். செல்போனில் இறக்குகிற ஆப்கள் அதைவிடக் கெட்டிக்காரத்தனமானவை. "சம்மதம்" என்ற இடத்தை ஒரு தரம் தொட்டால் போதும். உறவினர் நம்பர்கள், படங்கள், ஆள் நிற்கும் இடம் எல்லாம் போய்விடும். தவணை தவறியதும் அந்த உறவினர்களுக்கே போன் போட்டு, கடன் வாங்கியவரின் மானத்தை வாங்கிய கடன் ஆப்கள் உண்டு.

இதற்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது. அதற்கு வழி திறந்தவர் ஒரு முதியவர். கர்நாடக ஐகோர்ட்டில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற கே.எஸ்.புட்டசாமி, ஆதார் திட்டத்தை எதிர்த்து 2012-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். அப்போது அவருக்கு வயது 86. அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்டு 24-ந் தேதி, 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்புக் கூறினார்கள். அந்தரங்கம் ஒவ்வொரு மனிதனின் அடிப்படை உரிமை என்றார்கள்.

பிறகு 2023-ல் தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டமே ஓர் உதாரணம் சொல்கிறது. ஒரு பெண் வைத்திய ஆலோசனைக்காக ஓர் ஆப்பை இறக்குகிறாள். அது அவளுடைய போனில் உள்ள நம்பர்களையும் கேட்கிறது. அவள் சம்மதித்துவிடுகிறாள். ஆனாலும் அந்தச் சம்மதம் செல்லாது! வைத்தியத்துக்கு அத்தை நம்பரும் மாமா நம்பரும் எதற்கு?

எந்த விவரம், எதற்காக என்பதைத் தமிழிலேயே கேட்டுப் படிக்கலாம். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். விவரத்தை அழிக்கச் சொல்லலாம். 18 வயது நிரம்பாத பிள்ளையின் விவரத்துக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். விவரங்களைப் பத்திரமாகக் காக்கத் தவறிய கம்பெனிக்கு ரூ.250 கோடி வரை அபராதம்.

கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் அந்த அபராதம் போய்ச் சேருவது சர்க்கார் கஜானாவுக்கு. விவரத்தைப் பறிகொடுத்தவருக்கு இந்தச் சட்டத்தில் ஒரு காசு நஷ்டஈடு கிடையாது. பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இருந்த நஷ்டஈட்டுப் பிரிவையும் இது நீக்கச் சொல்கிறது. போதாக்குறைக்கு, சர்க்கார் தன் இலாகாக்களுக்கு விலக்கு அளித்துக்கொள்ளவும் இடம் இருக்கிறது. வேலிக்குள் இப்படி ஓர் ஓட்டை எதற்கு? பார்லிமெண்டு இதைத் திருத்த வேண்டும்.

விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியமான கடமைகளுக்கு அவை கம்பெனிகளுக்குத் தந்த அவகாசம் 18 மாதம்.

ஆதார் நகல் கேட்கிற இடத்தில், கடைசி 4 எண்கள் மட்டும் தெரிகிற நகலைக் கொடுக்கலாம். ஆதார் இணையதளத்திலேயே அதை எடுக்கலாம். நம்பர் கொடுக்காவிட்டால் பில் இல்லை என்கிற கடைமீது 1915-க்குப் புகார் சொல்லலாம். ஏமாந்து பணமே போய்விட்டால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும்.