ஒருவகை நீர்ப்பறவை

சங்க இலக்கியப் பதிப்புகளின் அருஞ்சொற்பொருள் பகுதியில் நாம் அடிக்கடி சந்திக்கும் விளக்கம் ‘ஒருவகை நீர்ப்பறவை’ என்பது. குருகு, கம்புள் எனப் பலவற்றுக்கும் இதுவே கைகொடுக்கிறது. தேர்வு விடைத்தாளுக்கு இது போதும், கவிதைக்குப் போதாது. குறுந்தொகையின் 25ஆம் பாடலில் தலைவியின் களவு மணத்துக்குக் கபிலர் வைத்த ஒரே சாட்சி, ஆரல் மீனுக்காகக் காத்து நிற்கும் குருகு. கொக்கினத்துக்குப் பொதுவாகவும் வழங்கிய சொல்தான் அது. ஆயினும் குருகு நிற்கும் நிலையைக் கண்ணால் பார்த்தவனுக்கே அச்சாட்சியின் பயனின்மை உறைக்கும்.

பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. நாகமலை புதுக்கோட்டையிலிருந்து சில கிலோமீட்டரில், சமணர் மலை அடிவாரத்தில், கீழக்குயில்குடி இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழி, தை மாதக் காலைகளில் இப்பக்கத்துக் கண்மாய்க் கரைகளில் அரைமணி நேரம் பேசாமல் உட்கார வேண்டும், அவ்வளவே. திறந்த நீரில் மேயும் நாமக்கோழிகளை யாரும் பார்த்துவிடலாம். மஞ்சள் குருகு அப்படியல்ல. ஆள் அரவம் கேட்டால் அலகை வானோக்கி உயர்த்திக் கோரைத்தண்டோடு தண்டாக நின்றுவிடும். காற்றில் கோரை அசைந்தால் தானும் அசையும்.

உள்ளான் இன்னும் பொல்லாதது. வடக்கிலிருந்து வலசை வரும் இது காலடி படும் தூரம்வரை சேற்றில் பதுங்கியிருந்து, கரகரத்த ஒலியோடு கோணல்மாணலாகப் பறந்து மறையும். மறைந்திருந்து சுடுபவனைக் குறிக்கும் ‘ஸ்னைப்பர்’ என்ற சொல், 18ஆம் நூற்றாண்டு இந்தியாவில் உள்ளான் வேட்டையாடிய ஆங்கிலேயரிடமிருந்து பிறந்தது. மயில் உள்ளானில் பெண்ணே வண்ணம் மிக்கது; அடைகாத்துக் குஞ்சு வளர்ப்பது ஆண். அகத்திணை நடத்துவோர் ஒருமுறையேனும் காண வேண்டிய குடும்பம்!

கம்புளுக்குச் சம்பங்கோழி என்று அகராதி பொருள் தருகிறது. நம் மாணவர்கள் பலருக்குக் கானாங்கோழி என்றால் உடனே தெரியும். வகுப்பில் இவ்விரண்டையும் சேர்த்து வைப்பார் இல்லை. சம்பங்கோழி என்ற பெயருக்குள் சம்பு இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

அந்தச் சம்புக்குத்தான் இப்போது கேடு. கண்மாயைத் தூர்வார வேண்டாம் என்று எந்த விவசாயியிடமும் நான் சொல்லத் துணியேன். ஆனால் ‘அழகுபடுத்துதல்’ என்ற பெயரில் நீர்நிலையின் ஓரங்களைச் செங்குத்தாக வெட்டி, கோரையையும் சம்பையும் ஒட்ட வழித்து, நடைபாதைக் கல் பதித்து விளக்கு நடும் வழக்கம் நகரங்களில் பெருகி வருகிறது. நிரம்பிய நீர் நம் கண்ணுக்கு நிறைவாக இருக்கலாம். கணுக்கால் ஆழத்துச் சேற்றில் இரை தேடும் உள்ளானுக்கு அதில் இடமில்லை. ஒளிந்து வாழும் குருகுக்கு மறைவும் இல்லை. நீர்க்காகமும் சில கொக்குகளும் தொடர்ந்து வருவதால், பறவைகள் போய்விட்டன என்றும் யாருக்கும் தோன்றாது. பார்வைக்கு எளிதில் படாதவை இல்லாமல் போவதும் பார்வைக்குப் படுவதில்லை.

வரத்துக்கால் பக்கமாவது ஒரு கரையைச் சரிவாக, கோரையோடு விட்டுவைக்கலாம். நீர்க்கொள்ளளவில் பெரிய இழப்பு வராது. தமிழ்த்துறைகள் தை மாதத்தில் ஒரு காலையை வகுப்புக்கு வெளியே, கண்மாய்க்கரையில் நடத்தலாம். உரைநூலைக் கையோடு கொண்டு போகட்டும். ‘ஒருவகை நீர்ப்பறவை’ என்றிருக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு பெயர் எழுத வேண்டியிருக்கும்.