‘சின்ன ஏரிதானே!’ 39 உயிர்களைப் பறித்த பொழுதுபோக்கு அணை சொல்லும் பாடம்

மீன் பிடிக்கலாம், படகு விடலாம், கரையில் உட்கார்ந்து காற்று வாங்கலாம். அமெரிக்காவில் இப்படிப் பொழுதுபோக்குக்காகவே ஆயிரக்கணக்கான சிறு ஏரிகள் இருக்கின்றன. அங்கே பதிவேட்டில் உள்ள சுமார் 92,000 அணைகளில் பாதிக்கும் மேல் தனியார் வசம். பெரும்பாலானவை மண் அணைகள். ‘சின்ன ஏரிதானே, என்ன ஆகிடப் போகுது?’ என்று கேட்கத் தோன்றும். 1977-லேயே அதற்குப் பதில் கிடைத்துவிட்டது.

என்ன நடந்தது?

ஜார்ஜியா மாநிலம் டொக்கோவா அருகே இருந்தது கெல்லி பார்ன்ஸ் அணை. உயரம் சுமார் 12 மீட்டர், ஏரியின் பரப்பு சுமார் 40 ஏக்கர். 1957-ல் அங்கு மின் உற்பத்தி நின்றது. அதன்பிறகு அது வெறும் பொழுதுபோக்கு ஏரி. 1977 நவம்பர் 6, அதிகாலை 1.30 மணியளவில், பலத்த மழையில் அணை உடைந்தது. கீழே இருந்த கல்லூரி வளாகத்துக்குள் வெள்ளம் பாய்ந்து 39 பேர் உயிரிழந்தனர்.

மண் அணை எப்படி உடைகிறது?

முக்கியமாக மூன்று வழிகள். ஒன்று, உபரி நீரை வெளியேற்றும் கலிங்கு சிறிதாக இருந்தாலோ அடைத்துக்கொண்டாலோ தண்ணீர் கரைக்கு மேல் வழிந்து மண்ணை அரித்துவிடும். இரண்டு, கரைக்குள் கசியும் நீர் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை வெளியே கொண்டுபோய் உள்ளே குழாய் போல வழி உண்டாக்கும். மூன்று, ஊறிப்போன கரை அப்படியே சரியும். கெல்லி பார்ன்ஸில் சரிவும் உள் அரிப்பும் சேர்ந்திருக்கலாம் என்றது விசாரணை.

‘அதிக அபாயம்’ என்றால்?

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. ஓர் அணைக்கு இந்த முத்திரை விழுந்தால், அது பலவீனமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. உடைந்தால் கீழே உயிர்கள் போகும் என்று அர்த்தம். அணை மாறவே வேண்டாம். அதற்குக் கீழே புதிதாக நாலு வீடு வந்தாலே வகை மாறிவிடும்.

யார் பணம் போடுவது?

டொக்கோவாவுக்குப் பிறகு அதிபர் கார்ட்டர் உத்தரவில் சுமார் 9,000 அணைகள் ஆய்வு செய்யப்பட்டன. மூன்றில் ஒன்று பாதுகாப்பற்றது என்று தெரியவந்தது. ஆனாலும் 2015 அக்டோபர் பெருமழையில் தென் கரோலினாவில் சுமார் 50 அணைகள் உடைந்தன. அவற்றில் குடியிருப்பு ஏரிகளின் அணைகளும் உண்டு.

சிக்கல் பணத்தில்தான். மின்சாரம் விற்றால் வருமானம் வரும். வேடிக்கை பார்க்கும் ஏரியில் என்ன வரும்? பல இடங்களில் குடியிருப்போர் சங்கத்தின் சந்தாவிலிருந்துதான் பழுதுபார்க்க வேண்டும். அணையை அகற்றலாம் என்றால் ஏரியும் போகும், வீட்டு விலையும் இறங்கும். அதனால் முடிவு தள்ளிப்போகிறது. ஏரியை ரசிப்பவர்கள் மேலே, ஆபத்தைச் சுமப்பவர்கள் கீழே. சங்கக் கூட்டத்தில் கீழே இருப்பவர்களுக்கு ஓட்டு கிடையாது. அதனால்தான் அரசின் கட்டாய ஆய்வு தேவைப்படுகிறது.

எதைக் கவனிக்க வேண்டும்?

கரையில் வளர்ந்த பெரிய மரங்கள், விரிசல், அடைத்துக்கிடக்கும் கலிங்கு, கரையின் வெளிப்புறம் புதிதாகத் தெரியும் ஈரம். கசியும் தண்ணீர் கலங்கலாக வந்தால் தாமதிக்கவே கூடாது. அந்தக் கலங்கல், கரைக்குள்ளிருந்து கரைந்து வரும் மண்.