கதவைச் சாத்திக்கொண்டவளை மேடையேற்றலாமா?

காமர்ஸ் படிக்கிறவனுக்குக் கவிதையும் நாடகமும் எதுக்குடா என்று கேட்கப்போகும் வகுப்பு நண்பர்களுக்கு முதலிலேயே ஒரு கும்பிடு. பேலன்ஸ் ஷீட் நாளைக்கும் இருக்கும். இன்றைக்கு எமிலி டிக்கின்சன்.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 1830-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஆம்ஹெர்ஸ்ட் என்ற ஊரில் பிறந்தவர். 1886-ல் பிறந்த அதே வீட்டிலேயே இறந்தார். எழுதியது கிட்டத்தட்ட 1,800 கவிதைகள். உயிரோடு இருந்தபோது அச்சில் வந்தது சுமார் பத்து, அதுவும் பெயர் போடாமல். கடைசி இருபது வருடங்களில் வீட்டு எல்லையைத் தாண்டுவதே அபூர்வம். வெள்ளை உடை. யாராவது பார்க்க வந்தால் கதவுக்குப் பின்னால் நின்றபடி பேச்சு. ஊருக்கே அவர் ஒரு புதிர்.

இப்படிப்பட்ட ஒருவரை வைத்து வில்லியம் லூஸ் ஒரு நாடகம் எழுதினார். பெயர் 'தி பெல் ஆஃப் ஆம்ஹெர்ஸ்ட்'. 1976-ல் பிராட்வேயில் ஜூலி ஹாரிஸ் தனி ஆளாக நடித்தார். அடுத்த வருடம் டோனி விருதும் வாங்கினார். நாடகத்தில் எமிலி நம்மை விருந்தாளியாக வரவேற்று, கேக் பற்றிப் பேசி, சொந்தக் கதை சொல்கிறார். அப்பா, தங்கை, அண்ணன் என்று மற்றவர்களாகவும் அவரே மாறி மாறிப் பேசுகிறார்.

இங்கேதான் கேள்வி. வாசல் கதவைக்கூடத் திறக்காத பெண்ணை, டிக்கெட் வாங்கிய முன்பின் தெரியாத கூட்டத்துக்கு முன்னால் இரண்டு மணி நேரம் பேச வைப்பது நியாயமா?

நியாயம்தான் என்பது என் கட்சி. அவர் ஆள் பார்க்காதவரே தவிர, ஆளே வேண்டாதவர் இல்லை. அவர் எழுதிய கடிதங்களில் நமக்குக் கிடைத்தவையே ஆயிரத்துக்கும் மேல். அதில் குறும்பு இருக்கிறது, கிண்டல் இருக்கிறது, ஏங்கி ஏங்கிக் கேட்பதும் இருக்கிறது. 1856-ல் ஊர் கண்காட்சியில் அவர் சுட்ட ரொட்டிக்கு இரண்டாம் பரிசு. ஜன்னல் வழியாகக் கூடையில் கயிறு கட்டிப் பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்குப் பலகாரம் இறக்கியவர். வெள்ளை உடைப் பேயாக அவரைக் கற்பனை செய்துகொண்டிருந்த உலகத்துக்கு, இவரும் சிரிப்பார் என்று காட்டியது லூஸும் ஹாரிஸும் செய்த பெரிய உதவி.

ஆனால் இந்த வகை நாடகத்தில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. 'ஒரே ஆள்' என்ற வடிவமே ஒரு பொய்யைச் சொல்லிவிடுகிறது. காலியான மேடை, நடுவில் ஒரு பெண், அவள் மேல் ஒரு வெளிச்சம். பார்க்கிறவன் மனதில் என்ன பதியும்? இவள் தன்னந்தனியாக இருந்தாள், தனியாகவே எழுதினாள் என்றுதானே?

காமர்ஸ் மூளை இங்கே முழித்துக்கொள்கிறது. அந்தத் தனிமைக்கு யார் செலவு செய்தது? வீடு அப்பாவுடையது. அவர் வக்கீல், ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியின் பொருளாளர். வெளி வேலைகளையும் வந்து போகிறவர்களையும் பார்த்துக்கொண்டது, கல்யாணம் செய்துகொள்ளாத தங்கை லவினியா. 1869-லிருந்து அந்த வீட்டில் வேலை பார்த்த அயர்லாந்துக்காரப் பெண் மார்கரெட் மாஹர். எமிலியின் கவிதைகள் அவருடைய பெட்டியில்தான் இருந்திருக்கின்றன! பக்கத்து வீட்டு அண்ணி சூசனுக்கு மட்டும் அவர் அனுப்பிய கவிதைகள் 200-க்கும் மேல். எமிலி இறந்த பிறகு கையெழுத்துப் பிரதிகளைக் கண்டெடுத்து, அச்சில் வரவேண்டும் என்று விடாப்பிடியாக நின்றதும் லவினியாதான். 1890-ல் முதல் தொகுப்பு வந்தது.

ஆக, அந்த அறைக் கதவு சாத்தியிருக்க வெளியே இத்தனை பேர் நிற்க வேண்டியிருந்தது. இதைச் சொன்னால் எமிலி குறைந்துபோக மாட்டார். அவர் பரிதாபத்துக்குரியவர் இல்லை, கிடைத்த நேரத்தை எழுத்தில் போட்டவர் என்பது இன்னும் தெளிவாகத் தெரியும். தனிமை அவருக்கு என்னவாக இருந்தது, பயமா, நோயா, பிடிவாதமா என்று ஆராய்ச்சியாளர்கள் சண்டை போடட்டும். அந்த நேரத்தில் அவர் என்ன செய்தார் என்பதில் சண்டையே இல்லை. வேலை செய்தார். தாளை மடித்து, ஊசி நூலால் தானே தைத்து, 40 சிறு கட்டுகள் போட்டு வைத்தார்.

எனவே, இனி எமிலியாக மேடையேறும் நடிகைக்கு என் ஆசை இரண்டு. ஒன்று, பலகாரத் தட்டோடு ஊசி நூலும் கையில் இருக்கட்டும். எழுதி, அடித்து, ஒரு சொல்லுக்கு மேலேயே இன்னொரு சொல்லை எழுதிப் பார்த்த அந்த உழைப்பைக் காட்டுங்கள். இரண்டு, உள்ளேயிருந்து பாத்திரம் உருளும் சத்தம் வரட்டும். வேறு யாரோ அங்கே பாத்திரம் கழுவுவதால்தான் இவர் இங்கே எழுத முடிகிறது என்று நமக்கு உறைக்கட்டும்.

முக்கியமாக, மௌனத்தை நிரப்பாதீர்கள். அவர் கவிதைகள் முழுக்கச் சின்னச் சின்னக் கோடுகள். முதல் பதிப்பாளர்கள் அவற்றைத் திருத்தி, எதுகையைச் சரிசெய்து, தலைப்பும் வைத்தார்கள். 1955-ல் தாமஸ் ஜான்சனின் பதிப்பு வந்த பிறகுதான் அவர் எழுதியபடி முழுசாகப் படிக்கக் கிடைத்தது. காகிதத்தில் நடந்த அந்தத் திருத்தல் மேடையிலும் நடக்க வேண்டுமா? காதலன் யார், ஏன் வெள்ளை உடை, ஏன் வெளியே வரவில்லை என்று எல்லாவற்றுக்கும் வசனத்தில் விடை சொல்லிவிட்டால், அது இன்னொரு தலைப்பு வைத்த கதைதான்.

மேடைக்குக் கூப்பிடுங்கள், தப்பே இல்லை. ஆனால் வீட்டிலிருந்த மற்றவர்களையும் சேர்த்துக் கூப்பிடுங்கள். அவர் சொல்லாமல் விட்டதை, சொல்லாமலே விடுங்கள்.

உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் சண்டைக்கு வரலாம். தேர்வு முடியட்டும், அவ்வளவுதான்.